ஒரு ராக்கெட்டும் இரண்டு மேசைகளும்

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு ராக்கெட்டாம். அந்த ஒரே ஒரு ராக்கெட்டுக்கு ரெண்டு மேசையாம். இடுப்புக்குக் கீழே ஒரு மேசையிலாம், இடுப்புக்கு மேலே இன்னொரு மேசையிலாம்.

இப்படித்தான் சார், அந்த ஜன்னலோர மேசையில் ஒருத்தன் உட்கார்ந்துகொண்டு மூன்று நாளாக வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருக்கிறான். கேட்டுச் சிரித்துவிட்டுப் பிள்ளைகள் நேரே இங்கே வருகின்றன. வந்து ராக்கெட்டைப் பார்க்கின்றனவா? என் முகத்தைப் பார்க்கின்றன.

கையை எடுங்கள்.

மேசையில் வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ராக்கெட்டில் வேண்டாம். வாசலில் உளுந்தவடை தின்றுவிட்டுத்தான் உள்ளே வந்திருப்பீர்கள், விரலைப் பார்த்தாலே தெரிகிறது. மழைக்கு ஒதுங்கினீர்களா? அப்படி உண்மையைச் சொல்லுங்கள். ராக்கெட் பார்க்கவேண்டும் என்று இந்த நாகர்கோவிலில் எவன் வருகிறான்? வெளியே வெயில் அடித்தால் இந்த ஹாலில் நானும் நாற்காலியும்தான்.

சரி, முதலில் ஒன்று சொல்லுங்கள். இது என்ன கலர்?

வெள்ளை. சத்தமாகச் சொல்லுங்கள், அந்த மேசைக்குக் கேட்கட்டும். வெள்ளை! அவ்வளவுதான். இனி உட்காருங்கள், சொல்கிறேன். மழை எப்படியும் இப்போது விடாது.

மேல் பாதி எங்கே என்று கேட்கத்தான் வாயைத் திறந்தீர்கள். எல்லாரும் கேட்கிறார்கள். அந்தப் பக்கம் திரும்பாதீர்கள், திரும்பினால் அவன் கையைக் காட்டிக் கூப்பிடுவான். படுக்கை விரிப்பால் போர்த்தி, பிரேதத்தைக் கிடத்திய மாதிரி மேசைமேல் கிடத்தி வைத்திருக்கிறானே, அதுதான். மூன்று நாளாக அந்தப் போர்வையை எடுக்கவில்லை. கண்காட்சிக்கு வந்து மூடி வைக்கிறவனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

இது சாட்டர்ன் ஐந்து. மனுஷனை நிலாவில் கொண்டுபோய் இறக்கிய ராக்கெட். நிஜமானது முந்நூற்று அறுபத்து மூன்று அடி. நாங்கள், இல்லை, நான், நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் செய்தது இது. அங்கே நாற்பத்தெட்டு அடி என்றால் இங்கே ஒரு அடி. முழுசாக நின்றால் ஏழரை அடி வரும். ஏழரை என்றதும் சிரிக்கிறீர்கள். அவனும் அன்றைக்கு இப்படித்தான் சிரித்தான். “ஏழரையப் பிடிச்சு வீட்டுக்குள்ள வைக்கப் போறோம் வே” என்று. நாக்கு அது.

முழுசாக நின்றால் என்றேனே, இதுவரை நின்றதில்லை. அது எங்கள் வழக்கம். சாமி சிலைக்குக் கடைசியில்தானே கண் திறப்பார்கள்? அதுபோல நாங்கள் எந்த ராக்கெட் செய்தாலும் வீட்டில் வைத்து அடுக்கிப் பார்ப்பதில்லை. துண்டு துண்டாகச் செய்வோம், துண்டு துண்டாகக் கொண்டுவருவோம், ஹாலில் பத்து பேர் பார்க்க ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவோம். நம்முடைய எஸ்.எல்.வி. மூன்றையும் அப்படித்தான் ஏற்றினோம். அதற்கு ரெண்டு ஆள் வேண்டும். ஒருவன் தூக்கவேண்டும், ஒருவன் எட்ட நின்று பார்த்து இடது, வலது என்று சொல்லவேண்டும். தூக்குகிறவனுக்கு மூக்குக்கு முன்னால் இருப்பது தெரியாது சார். நான் தூக்குவேன். அவன் அந்தக் கதவோரம் போய் நின்றுகொள்வான். நான், “நேரா இருக்கா வே?” என்று கத்துவேன். “நூலு பிடிச்ச மாதிரி இருக்கி வே” என்று அவன் கத்துவான். பிள்ளைகள் கைதட்டும்.

அதெல்லாம் போன வருஷத்தோடு சரி.

என் பெயர் தாணுலிங்கம். வடசேரியில் பல்செட் செய்கிறவன். டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். பல் வளர்ப்பது நான். சாதாரண ஆளுக்கு வெள்ளை என்றால் ஒன்றுதான். எங்கள் தொழிலில் வெள்ளை பதினாறு. பதினாறு மாதிரிப் பல்லை வரிசையாகக் கோத்து ஒரு பட்டை இருக்கும். மற்றவர்கள் அதில் ஒவ்வொன்றாக வாயில் வைத்துப் பார்த்துப் பார்த்து எடுப்பார்கள். நான் ஒன்றே ஒன்றை எடுத்து வைப்பேன். அதுதான். மறுபேச்சு கிடையாது. இந்த ஊரில் சிரிக்கிறவர்களில் பாதிப் பேர் என் கண்ணால் சிரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ரெண்டு வருஷமாக வேலை அவ்வளவாக வருவதில்லை. எல்லாவற்றையும் திருவனந்தபுரத்துக்கு அனுப்பி மிஷினில் செய்கிறார்களாம். மிஷினுக்கு முகத்தில் கண் இருக்கிறதா? ஒரு டாக்டர், பொடிப்பயல், “அண்ணாச்சி, கலர் கொஞ்சம் தூக்கலா இருக்கே” என்று அடுத்தடுத்துத் திருப்பி அனுப்பினான். அவன் கண்ணில் என்ன கோளாறோ.

அந்தக் காலத்தில்தான் ஞானதாஸ் வந்தான். அவனேதான், போர்வைக்காரன். ஈ.பி.யில் ஓவர்சியராக இருந்து ரிட்டயர் ஆனவன். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முன்பல் ரெண்டு போய்விட்டது. கலர் பார்க்க டாக்டர் என்னிடம் அனுப்பினார். வாயைத் திற என்றேன், திறந்தான். மாதிரிப் பல்லை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கையை நீட்டி நீட்டி என் அலமாரியைக் காட்டுகிறான். பேச முடியாது, வாய்க்குள் என் விரல். அலமாரியில் ககாரின் போன ராக்கெட்டை ஒரு சாண் உயரத்துக்குச் செய்து வைத்திருந்தேன். மிச்சம் விழுகிற அக்ரிலிக்கில் செய்தது. சரி, ரசிகன் போலிருக்கிறது என்று நினைத்து விரலை எடுத்தேன்.

“அது சாஞ்சு நிக்கி வே” என்றான்.

முதல் வார்த்தை சார். வணக்கம் இல்லை, பெயர் சொல்லவில்லை, ‘அது சாஞ்சு நிக்கி வே.’ அன்றைக்கே அவனைத் துரத்தியிருக்கவேண்டும். பல்லைக் கட்டிக்கொடுத்தேன், பக்கத்தில் நாற்காலியும் போட்டுக்கொடுத்தேன்.

ஏய்! அந்தக் கயிற்றைத் தாண்டாதே! யார் வீட்டுப் பிள்ளை நீ? போ, அங்கே போய்க் கதை கேள்.

என்ன சொன்னேன்? ஆமாம், சாட்டர்ன். பங்கு பிரித்துக்கொண்டோம். இடுப்புக்குக் கீழே நான், மேலே அவன். இந்தக் குழாய் ஆழ்குழாய்க் கிணற்றுக்குப் போடுகிற பிவிசி. கீழே இந்த ஐந்து இன்ஜின் இருக்கிறதே, குனிந்து பாருங்கள், மூச்சு விடாமல் பாருங்கள். பல்செட் அச்சுப்போலவே மெழுகில் செய்து அக்ரிலிக் ஊற்றி எடுத்தது. முதலில் ஐந்தும் ஈறு நிறத்தில் ரோஸாக இருந்தது. பிரமநாயகி, என் மனைவி, பார்த்துவிட்டு, “என்னங்க இது, ராக்கெட்டு வாயத் தொறந்து சிரிக்கிற மாதிரி இருக்கு” என்றாள். அதற்குமேல் ஈயக் கலர் அடித்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. இன்ஜினைச் சுற்றி மயிரிழை மாதிரிக் குழாய்கள் ஓடுகின்றன பாருங்கள், அது ஃபியூஸ் வயர். ஆமாம், அவன் சுற்றியதுதான். என் பாதியில் அவன் கை பட்ட இடம் அது ஒன்றுதான். பிய்த்து எறியலாம் என்று பார்த்தேன், இன்ஜினும் சேர்ந்து வந்துவிடும்.

இனிதான் விஷயம். பெயின்ட்.

அவன் முந்திக்கொண்டான். தன் பாதியை முடித்து வெள்ளை அடித்துக் காயவும் வைத்துவிட்டான். நான் நிதானமாக, நூல் பிடித்து, எங்கே கறுப்புக் கட்டம், எங்கே வெள்ளை என்று டேப் ஒட்டி, ஷெட்டில் வரிசையாக நின்ற டப்பாக்களில் ஒன்றை எடுத்து ஸ்பிரே கன்னில் ஊற்றி அடித்தேன். மூடியில் ஏதோ பொடி எழுத்தில் எழுதியிருந்தது. எழுத்தை வாசித்து அடிக்கிறவன் வேறே, நான் கண்ணால் பார்த்து அடிக்கிறவன். காய்ந்ததும் டேப்பை உரித்தேன். வெள்ளை. அப்படி ஒரு வெள்ளை.

ஞானதாஸ் வந்தான். நின்றான். ரொம்ப நேரம் நின்றான்.

“என்ன வே, பல்செட்டு ஒட்டிக்கிட்டா? வாயத் தொறயும்” என்றேன்.

“நல்லாருக்கு வே” என்றான். பிறகு டப்பாவை எடுத்து உருட்டி உருட்டிப் பார்த்தான். “இதுல மிச்சம் இருக்கா?” என்றான்.

“எதுக்கு? நீருதான் அடிச்சு முடிச்சாச்சே.”

“நான் அடிச்ச வெள்ளை அவ்வளவு சொகமில்ல. இதுதான் நல்லாருக்கு.”

கொண்டுபோனான். அவன் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன், முடித்து வைத்த பாதியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். காய்ந்த பெயின்டை. மூக்கெல்லாம் வெள்ளைத் தூசி. அத்தனையையும் தேய்த்து எடுத்துவிட்டு என் டப்பாவிலிருந்து அடித்தான் சார். அப்போதே எனக்கு விளங்கியிருக்கவேண்டும், இதில் ஏதோ சதி இருக்கிறது என்று. எவனாவது நல்லாக இருக்கிற பெயின்டைச் சும்மா தேய்ப்பானா?

அப்புறம் கண்ணாஸ்பத்திரிக் கூத்து. துவைத்த வேட்டி என்று நினைத்துத் துவைக்காத வேட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். யாருக்கும் நடக்கிறதுதானே? அதற்குப் பிரமநாயகி மூக்கைச் சிந்தி, ஞானதாஸ் ஆட்டோ பிடித்து, ரெண்டு பேருமாக என்னை ஆஸ்பத்திரியில் தள்ளினார்கள். புரையாம். பழுத்துப் போயிருக்கிறதாம். பழுக்க அது என்ன பலாப்பழமா? ஒரு கண்ணை இப்போது செய்வோம், இன்னொன்றைப் பிறகு செய்வோம் என்றார்கள். வலது கண்ணில் செய்தார்கள்.

கட்டைப் பிரித்தபோது முதலில் டாக்டரம்மாவின் கோட்டைப் பார்த்தேன். கண் கூசியது. அப்படி ஒரு நீலம் பாய்ந்த வெள்ளை. பக்கத்தில் யாரோ ஒரு கிழவி நிற்கிறாள் என்று பார்த்தால் பிரமநாயகி.

“ஏ, ஒனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?”

“நரைச்சு ஆறு வருஷமாச்சு” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஷெட்டுக்குப் போனேன். குனியக்கூடாது, தூசி படக்கூடாது என்று அவள் பின்னாலேயே கத்திக்கொண்டு வருகிறாள். கதவைத் திறந்தேன்.

சார், வெற்றிலை போட்டுப் போட்டுக் கறை ஏறிய கடவாய்ப் பல்லைப் பார்த்திருக்கிறீர்களா? அந்த நிறம். என் ராக்கெட் அந்த நிறத்தில் நிற்கிறது. வலது கண்ணை மூடினேன், வெள்ளை. இடது கண்ணை மூடினேன், கறைப்பல். மூடித் திறந்து மூடித் திறந்து பார்க்கிறேன், வெள்ளை, பல், வெள்ளை, பல். டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் வாசித்தேன். வெள்ளையே இல்லை. பழைய அம்பாசடர் காருக்கு அடிக்கிற வெண்ணெய்க் கலர்.

திரும்பிப் பார்த்தால் பிரமநாயகி வாசலில் நின்று முந்தானையைத் திருகுகிறாள்.

“ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“வேற யாருக்கு?”

“எல்லாருக்கும்தான். ஞானதாஸ் அண்ணன்தான் சொல்லாண்டாம்னாங்க. ஆபரேசன் முடியட்டும், அவனே பாப்பான்னாங்க.”

எல்லாருக்கும். கேட்டீர்களா சார், எல்லாருக்கும். இந்தக் கண்காட்சியை நடத்துகிற கழகத்துச் செயலாளர் பாக்கியநாதனுக்குத் தெரியும். டீக்கடைக்காரனுக்குத் தெரியும். நாற்பது வருஷம் பதினாறு வெள்ளையைப் பிரித்துப் பார்த்தவன் வெண்ணெய்க் கலரை வெள்ளை என்று ராக்கெட்டுக்கு அடித்திருக்கிறான் என்று ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறது. சிரித்தார்களா என்று கேட்கிறீர்களா? யாரும் சிரித்து நான் பார்க்கவில்லை. அதுதான் சொல்கிறேனே, பொத்திக்கொண்டு!

கண்ணில் பச்சைத் துணியோடு அவன் வீட்டுக்குப் போனேன், துணியைத் தூக்கிப் பார்த்தேன். தன் பாதியை ஹாலில் நிறுத்தி வைத்திருந்தான். அதே கறைப்பல் நிறம். அச்சு அசலாக அதே. நான் அடித்த தப்பை எடுத்துத் தன்னுடையதிலும் அடித்து எதிரே நிறுத்தி வைத்துத் தினமும் பார்த்து ரசித்திருக்கிறான் சார். இதைவிட ஒரு கேலி உண்டா?

“கண்ணு தெரிஞ்சாச்சா வே?” என்று சிரித்தான். நான் கட்டிக்கொடுத்த பல்லைக் காட்டிச் சிரித்தான்.

“தெரிஞ்சாச்சு. ஒம்மையும் தெரிஞ்சாச்சு.”

முகம் மாறியது. “இரும் வே, உக்காரும். நான் என்ன நெனச்சேம்னா...”

“பொட்டக்கண்ணனை வச்சு நல்லா வேடிக்கை பாத்தீரு.”

“தாணு, அன்னைக்கு நான் சொல்லியிருந்தா நீரு ராக்கெட்டை மட்டுமா விட்டிருப்பீரு? பல்செட்டுப் பட்டறையவே பூட்டியிருப்பீரு. அதான், ரெண்டும் ஒண்ணுபோல இருக்கட்டும், கண்ணு சரியானப்புறம் சேந்து அடிச்சுக்கலாம்னு...”

“ஒம்ம பாதிய நீரு வச்சுக்கும். என் பாதிய நான் வச்சுக்கிடுதேன். இனி என் நடையில கால வைக்காதேயும்.”

நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னதில் தப்பு என்ன? உண்மையான சிநேகிதன் என்றால் முகத்துக்கு நேரே சொல்லவேண்டும். ‘அண்ணாச்சி, கலர் தூக்கலா இருக்கு’ என்று சொல்லவேண்டும். அப்படிச் சொல்கிறவர்களை நான் எவ்வளவு மதிப்பேன் தெரியுமா?

அந்தப் பொடிப்பயல் டாக்டரா? அவன் வேறே. அவனைப் பற்றி இங்கே பேச்சில்லை.

பிறகு நானும் தேய்த்தேன். மழைக்காலம் ஆரம்பிக்கும்வரை தேய்த்தேன். தேய்த்து எடுத்து, சுத்தமான வெள்ளையில் ஊசிமுனை அளவு நீலம் விட்டு, அதைவிடக் கொஞ்சமாகக் கறுப்பு தொட்டுக் கலக்கினேன். இந்தக் கலவை உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். பிரமநாயகிக்குக்கூடத் தெரியாது. இனி எவனும் இதை அடிக்க முடியாது.

இடது கண்ணையா? செய்யவில்லை. ஆஸ்பத்திரிக்கு வாங்க வாங்க என்கிறாள் பிரமநாயகி. அந்தக் கண் இருக்கட்டும். வலது கண்ணால் பார்த்து மனசு கெட்டுப்போனால் அதை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்க்கலாமே.

கண்காட்சி வந்தது. பாக்கியநாதன் வீட்டுக்கு வந்து கெஞ்சினான். “அண்ணாச்சி, ஒரே ராக்கெட்டுக்கு ரெண்டு மேசை கேட்டா நான் யாருகிட்டச் சொல்லுவேன்? ஞானதாஸ் சார் ஓசூருக்கு மகள் வீட்டோட போறாங்க. வீட்டையும் ஒழிச்சாச்சு. இனி எப்ப வருவாங்களோ, ஒரு தடவையாவது சேத்து நிறுத்துங்க.” போனால் போகட்டும் என்றேன். ஓசூர் என்ன, நிலாவுக்கே போகட்டும். ரெண்டு மேசை போடு, அதுவும் எதிர் எதிர் மூலையில் போடு, இல்லாவிட்டால் நான் வரவில்லை.

முதல் நாள் நான் வந்து ராக்கெட்டை நிறுத்திக் கயிறு கட்டி முடிக்கவில்லை, வந்துவிட்டான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். சட்டைப்பையிலிருந்து ஏதோ எடுக்கிறான். என்ன என்று பார்த்தால் பிவிசித் துண்டு, விரல் நீளம், வெள்ளை அடித்தது. அதை நீட்டி என் ராக்கெட்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கிறான். பையில் போட்டான், இன்னொன்றை எடுத்தான், பிடித்தான், தலையை ஆட்டிக்கொண்டான். போய்விட்டான். நேற்றும் வந்தான், வேறு துண்டுகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லுக்குக் கலர் பார்க்கிற மாதிரி என் ராக்கெட்டுக்குக் கலர் பார்க்கிறாயா? என் வெள்ளையில் குறை கண்டுபிடித்து ஊரில் சொல்லத்தானே? வேவு பார்க்கிறான் சார். சாயங்காலம் ஆனால் அந்தப் பாதியைப் போர்வையோடு ஆட்டோவில் ஏற்றி அந்தக் காலி வீட்டுக்குக் கொண்டுபோகிறான், காலையில் போர்வையோடு கொண்டுவருகிறான். ஹாலில் வைத்தால் திருட்டுப் போகும் என்று பயமாம்! யார் திருடுவார்கள், நானா? கைவிரலெல்லாம் பெயின்டு. என்னத்தைச் செய்கிறானோ.

மணி ஆகிவிட்டது போலிருக்கிறது. நாற்காலியை மடக்குகிறார்கள். ஏய், அந்த நாற்காலியை விடு, சார் உட்கார்ந்திருக்கிறார் தெரியவில்லை? நீங்கள் உட்காருங்கள். மழை குறைகிற மாதிரி இருக்கிறது, ஆனால் விடவில்லை.

திரும்பாதீர்கள்.

வருகிறான். பிணத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வருகிறான். நீங்கள் என்னையே பாருங்கள். நாம் பேசிக்கொண்டே இருப்போம். இந்த முளை இருக்கிறது பாருங்கள் சார், விளிம்பைச் சுற்றி மூன்று முளை, மேல் பாதியின் அடியில் மூன்று துளை...

என்ன சார், யாரோ உங்களிடம் பேசுகிற மாதிரி இருக்கிறது. என்னவாம்?

‘பக்கத்துல நிக்க ஆளுகிட்ட ஒண்ணு கேக்கணும்’ என்கிறானா? அவரிடம் சொல்லுங்கள், இங்கே யாருக்கும் யாரும் பக்கத்தில் இல்லை என்று. சொல்லுங்கள் சார், நீங்கள் நடுவில்தானே இருக்கிறீர்கள்.

நாளைக்குக் காலையில் வண்டியாம். அதைச் சொல்ல இங்கே வரவேண்டுமா, ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லட்டும்.

‘ஒரு தடவ நிமித்திப் பாத்துருவமா?’ என்கிறான். கேட்டீர்களா? மாசக்கணக்காகத் திருட்டுத்தனம் பண்ணிவிட்டு, நிமித்திப் பாத்துருவமா. சார், அவரிடம் சொல்லுங்கள், கறைப்பல்லும் வெள்ளைப்பல்லும் ஒரே வாயில் சேராது. அப்படியே சொல்லுங்கள்.

சொல்லமாட்டீர்களா? சரி, அவர் காதில் விழுந்திருக்கும்.

என்ன, நிற்கிறானா? கையிலேயே ஏந்திக்கொண்டா? கனம் இருக்கத்தானே செய்யும். யார் தூக்கச் சொன்னார்கள்? எப்போதும் தூக்குகிறவன் நான். அவனுக்குத் தூக்கிப் பழக்கம் இல்லை. மேசையில் வைக்கச் சொல்லுங்கள், கீழே போட்டுத் தொலைக்கப் போகிறான்... மெதுவாக! கூம்பு இடிக்கும்!

வைத்துவிட்டானா? போய்விட்டானா?

குடை எடுத்துக்கொண்டு போகிறானா பாருங்கள். இல்லையா? நனையட்டும். நானா? நான் ஏன் கூப்பிடவேண்டும்? கூப்பிடுகிறவன் என்றால் அவனுக்கு வாய் இருக்கிறது, நான் கட்டிய பல்லும் இருக்கிறது. வாசல்வரை போய் ஒரு தடவை திரும்பிப் பார்த்தானா? பார்ப்பான், பார்ப்பான். ஆட்டோவில் ஏறிவிட்டானா?

ஏறட்டும்.

பிடியுங்கள் சார் அந்தப் போர்வை நுனியை. எந்தக் கறைப்பல்லை என் மேசையில் கொண்டுவந்து போட்டிருக்கிறான் என்று பார்ப்போம்.

சார்.

இது என்ன கலர்?

சும்மா இருங்கள், நீங்கள் சொல்லவேண்டாம். நானே பார்க்கிறேன். வலது கண்... இடது கண்... இதையும் அதையும் சேர்த்து... வலது... இந்தக் கண்ணில் பார்த்தாலும் ஒன்று. அந்தக் கண்ணில் பார்த்தாலும் ஒன்று.

களவாணி! என் வெள்ளை சார் இது! ஊசிமுனை நீலம், அதைவிடக் குறைவாகக் கறுப்பு, யாருக்கும் சொல்லாத கலவை! துண்டு துண்டாகப் பிடித்துப் பார்த்தானே, இதற்குத்தான். என் வெள்ளையை அப்படியே களவாண்டு தன் பாதியில் அடித்திருக்கிறான். பாருங்கள், இங்கே இன்னும் பிசுபிசுவென்று ஈரம்கூடக் காயவில்லை. இன்றைக்கு விடியக்காலம் அடித்திருக்கவேண்டும். மூன்று நாளாகத் தூங்கியிருக்கமாட்டான், களவாணிப்பயல். நாளைக்கு ரயில் ஏறப்போகிறவனுக்கு எதற்கு இந்த வேலை? நீங்கள் சாட்சி சார். பார்த்தீர்கள் அல்லவா? நீங்கள்தான் சாட்சி.

எங்கே எழுந்துவிட்டீர்கள்? மழை தூறல்தானே போடுகிறது. பஸ்ஸா? இந்த ஊர் பஸ் நின்று கூப்பிட்டுத்தான் போகும். ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம். வந்தது வந்தீர்கள், இதை ஏற்றிவிட்டுப் போய்விடுங்கள். நீங்கள் தூக்கவேண்டாம், தொடவும் வேண்டாம், நான் தூக்கிக்கொள்கிறேன். நீங்கள் அந்தக் கதவோரம் போய் நில்லுங்கள், போதும். எப்படியும் அந்த வழியாகத்தானே போகவேண்டும்? நின்று இடது, வலது என்று ரெண்டே வார்த்தை.

பாக்கியநாதா, லைட்டை அணைக்காதே! சார் பார்க்கிறார்!

தூக்கிவிட்டேன். கனம்தான். ஃபியூஸ் வயரை வண்டி வண்டியாகச் சுற்றியிருப்பான் பாவி. முளை தட்டுப்படுகிறது, துளை அகப்படவில்லை. போய் நின்றாச்சா சார்? எனக்கு இந்தக் குழாயைத் தவிர ஒன்றும் தெரியவில்லை, இங்கிருந்து திரும்ப முடியாது. செருப்புச் சத்தம் கேட்கிறது, அங்கேயே நில்லுங்கள், அவ்வளவு தூரம் போகவேண்டாம். இடதா? கொஞ்சம் வலதா? சத்தமாகச் சொல்லுங்கள், மழையில் கேட்கவில்லை.

உட்கார்ந்துவிட்டது. கையை எடுக்கப் போகிறேன்.

நேரா இருக்கா?

நேரா இருக்கா வே?